கண்ணாடியின் கனமும் ஒளியின் வளைவும்



ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே அது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லிவிட முடியுமா? கண்ணாடித் தொழிலில் இருந்தவர்கள் நெடுங்காலம் முடியும் என்றுதான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது. 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஒரு புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அது நாளடைவில் வெடிப்பு விட்டு மங்கியது. அதைத் தீர்க்க அவர் ஈய ஆக்சைடைச் சேர்த்தார். வெடிப்பு நின்றது. கூடவே கண்ணாடி கனத்தது, பட்டை தீட்டினால் வைரத்தைப் போட்டிக்கு அழைக்கும் அளவுக்கு ஒளிர்ந்தது. ஈயம் கூடக் கூட எடையும் கூடியது, ஒளிவிலகல் எண்ணும் கூடியது. இரண்டும் சேர்ந்தே ஏறுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள், கனம்தான் ஒளியை வளைக்கிறது என்று முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த முடிவு தவறு. நம் வகுப்பறைகளில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது என்பதால்தான் இதைப் பேசப் பொதுமேடைக்கு வந்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் மிதக்கிறது, அதாவது தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. எண்ணெயின் எண் ஏறத்தாழ 1.45. மிதப்பதுதான் ஒளியை அதிகம் வளைக்கிறது. கண்ணாடியிலும் இப்படி நடக்குமா? நடக்கும். எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், கண்ணாடிக்குள் வேறொரு பொருளைக் கலக்கும்போது உண்மையில் எதை மாற்றுகிறோம் என்பது விளங்கிவிடும்.

முதலில் எதையும் கலக்காமல் அடர்த்தியை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இதற்கு இயற்கையே ஒரு நல்ல சோதனையை வைத்திருக்கிறது. சிலிக்கன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு என்ற கணக்கில் அமைந்த சிலிக்கா, குவார்ட்ஸ் படிகமாகவும் இருக்கிறது, உருக்கிய கண்ணாடியாகவும் இருக்கிறது. வேதியியல் ஒன்றே, அடுக்கு மட்டும்தான் வேறு. படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக, நெருக்கமாக இருக்கின்றன. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். கண்ணாடியில் அடுக்கு குலைந்து இடைவெளிகள் மிகுந்திருப்பதால் 2.20 கிராம்தான். குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் ஒளியின் திசையைப் பொறுத்துச் சற்று மாறும், சராசரியாக 1.547 எனலாம். கண்ணாடிச் சிலிக்காவுக்கு 1.458. இந்த எண்ணில் 1 என்பது வெற்றிடத்தின் பங்கு. அதைக் கழித்துவிட்டால் பொருளின் பங்கு மட்டும் மிஞ்சும். குவார்ட்ஸுக்கு 0.547, கண்ணாடிக்கு 0.458. இவற்றை அந்தந்த அடர்த்தியால் வகுத்தால் முதலாவதற்கு 0.206, இரண்டாவதற்கு 0.208. ஏறத்தாழ ஒரே விடை!

1860களில் கிளாட்ஸ்டன், டேல் என்ற இருவர் இங்கிலாந்தில் திரவங்களை அளந்து கண்ட விதி இது. பிறகு டென்மார்க்கின் லோரன்ஸும் நெதர்லாந்தின் லோரன்ட்ஸும் தனித்தனியே இதைவிடத் துல்லியமான ஒரு சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே பொருளை நெருக்கினால் ஒளிவிலகல் எண் அடர்த்தியைத் தொடர்ந்து ஏறும் என்பதே இவற்றின் சாரம். இந்த இடத்தில் மட்டும் பழைய தொழிலாளர்களின் நம்பிக்கை சரி. பொருள் ஒன்றாகவே இருக்கும்வரை சரி. இன்னொரு பொருளைக் கலந்த உடனே கதை மாறிவிடுகிறது.

ஏன் மாறுகிறது? ஒளி என்பது அதிரும் மின்புலமும் காந்தப்புலமும். அது கண்ணாடிக்குள் நுழையும்போது அங்கிருக்கும் எலெக்ட்ரான்களை இழுத்து அசைக்கிறது. அசைந்த எலெக்ட்ரான்கள் தாங்களும் அலைகளை வெளியிடுகின்றன. வந்த அலையும் இந்த அலைகளும் கூடியதன் விளைவாக, மொத்த அலை மெதுவாக நகர்வதாகிறது. எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்லும் எண்தான் ஒளிவிலகல் எண். ஆகவே ஒளிக்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். ஒரு கன சென்டிமீட்டருக்குள் எத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கின்றன? அவை எவ்வளவு எளிதில் அசைந்து கொடுக்கின்றன? அணுக்கரு எவ்வளவு எடை என்பது அதன் கேள்வியே இல்லை.

தராசோ இதற்கு நேர் எதிர். அணுவின் எடையில் எலெக்ட்ரான்களின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. தராசு அளப்பது அணுக்கருக்களை. ஒளி உணர்வது எலெக்ட்ரான்களை, அதிலும் வெளிச்சுற்றில் தளர்வாக இருப்பவற்றை. ஒரே துண்டுக் கண்ணாடியில் இரண்டு கருவிகளும் இரண்டு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகின்றன. கலப்புப் பொருள் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறது, ஆனால் இரண்டையும் ஒரே காரணத்தால் மாற்றுவதில்லை.

ஜெர்மேனியத்தைப் பாருங்கள். நாம் பேசும் தொலைபேசிப் பேச்சும் பார்க்கும் படமும் பயணிக்கும் ஒளியிழையின் நடுப்பகுதியில், அதாவது உள்ளகத்தில், சிலிக்காவோடு கலந்திருப்பது பெரும்பாலும் அதுதான். வெறும் ஜெர்மேனியம் டை ஆக்சைடையே கண்ணாடியாக்கினால் அடர்த்தி சுமார் 3.65, ஒளிவிலகல் எண் சுமார் 1.608. இரண்டும் சிலிக்காவைவிட நன்றாகவே அதிகம். கனத்ததால்தான் ஒளியை அதிகம் வளைக்கிறது என்று இங்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் சிலிக்காக் கண்ணாடி அடைக்கும் இடம் 27.3 கன சென்டிமீட்டர். ஒரு மோல் ஜெர்மேனியக் கண்ணாடி அடைப்பது 28.7. ஜெர்மேனியம் வந்ததால் அணுக்கள் நெருங்கவில்லை, சற்று விலகித்தான் இருக்கின்றன. வீடு ஏறத்தாழ அதே அளவு, குடிவந்தவர் மட்டும் கனத்த உடம்புக்காரர். அடர்த்தி ஏறியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஒளிவிலகல் எண் ஏறியதற்குக் காரணம் வேறு. லோரன்ட்ஸ்–லோரன்ஸ் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால், ஒரு மோல் பொருளின் எலெக்ட்ரான்கள் ஒளிக்கு எவ்வளவு அசைந்து கொடுக்கின்றன என்று கண்டுபிடிக்கலாம். சிலிக்காவுக்கு 7.45 கன சென்டிமீட்டர் வருகிறது. ஜெர்மேனியத்துக்கு 9.9. மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஜெர்மேனியமும் அதோடு பிணைந்த ஆக்சிஜனும் தங்கள் எலெக்ட்ரான்களை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதே இதன் பொருள். கனமும் வளைவும் இங்கே சேர்ந்து ஏறுகின்றன, ஆனால் ஒன்று மற்றொன்றை ஏற்றவில்லை.

இதை ஐயமில்லாமல் காட்டுவது டைட்டானியம். கார்னிங் நிறுவனம் யுஎல்இ என்ற பெயரில் ஒரு கண்ணாடி செய்கிறது. சிலிக்காவில் எடைக்கு 7.5 விழுக்காடு அளவில் டைட்டானியம் ஆக்சைடு கலந்தது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஏறத்தாழ விரிவதே இல்லை என்பதால் ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியை இதில்தான் செய்தார்கள். அந்த ஆடியில் ஒளி கண்ணாடிக்குள் போவதில்லை, மேலே பூசிய உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது, எனவே அங்கே ஒளிவிலகல் எண்ணைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் நமக்கு அந்த எண் வேண்டும். சிலிக்காவின் அடர்த்தி 2.20, இதன் அடர்த்தி 2.21. தராசில் வித்தியாசம் தெரிவதே கடினம். ஒளிவிலகல் எண்ணோ 1.458இலிருந்து 1.48ஐத் தாண்டிவிடுகிறது. டைட்டானியத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனின் எலெக்ட்ரான்கள் குறைந்த ஆற்றலிலேயே தாவத் தயாராக இருப்பதால் வரும் மாற்றம் இது. எடைக்கு இதில் பங்கில்லை.

நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ஷாட் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள என்-பிகே7 உலகமெங்கும் லென்ஸ் செய்பவர்களுக்குப் பழக்கமான சாதாரண கிரவுன் கண்ணாடி. அடர்த்தி 2.51, ஒளிவிலகல் எண் 1.517. அதே பட்டியலில் என்-எஃப்கே51ஏ என்றொரு ஃபுளோரின் கண்ணாடி. அடர்த்தி 3.68, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒளிவிலகல் எண்ணோ 1.487, அதாவது குறைவு. கையில் கனக்கிறது, ஒளியைக் குறைவாக வளைக்கிறது. ஃபுளோரின் தன் எலெக்ட்ரான்களை இறுகப் பற்றிக்கொள்ளும் தனிமம், அது கண்ணாடிக்குள் வந்தால் ஒளிக்கு அசைந்து கொடுப்பவை குறைந்துவிடுகின்றன. கனத்துக்குக் காரணம் கூடவே இருக்கும் பேரியம் போன்ற கனத்த தனிமங்கள்.

ஈயத்துக்கு வருவோம், ஏனென்றால் நம்பிக்கை தொடங்கியது அங்கேதான். ஈய அயனியின் வெளிச்சுற்றில் எந்தப் பிணைப்பிலும் சேராத ஓர் எலெக்ட்ரான் இணை இருக்கிறது. பெரியது, தளர்ந்தது, ஒளி இழுத்த பக்கம் சாயக்கூடியது. ஈயக் கண்ணாடியின் ஒளிர்வுக்கு உயிர்நாடி அது. ஈயத்தின் அணுக்கரு கனமாக இருந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலுக்குத் தொழில் கொடுத்த விலை பெரிது. உலையில் உருகும்போது கனத்த ஈயம் அடியில் தங்கும், மேலே இலேசான கலவை நிற்கும். ஆறிய கண்ணாடிக்குள் நாடா நாடாவாக வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியிலும் ஒளிவிலகல் எண் வேறு, எனவே அதில் செய்த லென்ஸில் விண்மீன் புள்ளியாகத் தெரியாது. 1758இல் டாலண்ட் என்பவர் இரு கண்ணாடி லென்ஸுக்குக் காப்புரிமை பெற்ற பிறகும், பெரிய தொலைநோக்கிக்கு ஏற்ற ஃபிளின்ட் எனப்படும் ஈயக் கண்ணாடி கிடைக்காமல் ஐரோப்பா பல பத்தாண்டுகள் தவித்ததற்குக் காரணம் இதுதான். சுவிட்சர்லாந்தில் கடிகாரப் பெட்டிகள் செய்துகொண்டிருந்த கினான் என்ற தச்சர், சுட்ட களிமண் கோலால் உருகிய கண்ணாடியை இடைவிடாமல் கிளறும் வழியைக் கண்டுபிடித்தார். அவரிடம் பவேரியாவில் கற்றுக்கொண்டவர்தான் ஃபிரான்ஹோஃபர். படித்த மேதைகள் பலருக்கு எட்டாததை ஒரு கைத்தொழிலாளி கிளறியே தீர்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

1820களின் பிற்பாதியில் மைக்கேல் ஃபாரடேயும் இதே வரிகளோடு மல்லுக்கட்டினார். ஈயமும் போரானும் கலந்த கனத்த கண்ணாடிகளைச் செய்தார். தொலைநோக்கிக்கு அவை பெரிதாக உதவவில்லை. ஆனால் 1845இல் காந்தப்புலம் ஒளியின் முனைவாக்கத் தளத்தைத் திருப்புகிறது என்று அவர் கண்டபோது, காந்த முனைகளுக்கு அருகே வைத்திருந்தது அந்தக் கனத்த கண்ணாடித் துண்டுதான்.

ஈயம் இல்லாமல் அதே ஒளிவிலகல் எண்ணைப் பெற முடியும் என்பதைத் தொழில் நடைமுறையில் நிறுவியது 1990களில் நடந்த மாற்றம். ஈயமும் ஆர்செனிக்கும் நஞ்சு என்பதால் அவற்றை நீக்கிப் புதிய கலவைகளைச் செய்தார்கள். எஸ்எஃப்6 என்ற பழைய ஈயக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.805, அடர்த்தி 5.18. ஈயத்துக்குப் பதிலாக டைட்டானியம் முதலியவற்றைச் சேர்த்த என்-எஸ்எஃப்6இன் ஒளிவிலகல் எண்ணும் அதே 1.805. அடர்த்தி 3.37. நிறங்களைப் பிரிக்கும் திறனும் ஏறத்தாழ அதேதான். லென்ஸின் வடிவத்தை மாற்றாமலே மூன்றில் ஒரு பங்கு எடையைக் குறைக்கலாம். இழப்பு இல்லாமல் இல்லை. டைட்டானியம் நீல ஒளியைச் சற்று விழுங்கும், ஊதா நெருங்க நெருங்க இன்னும் அதிகமாக விழுங்கும். எளிதில் அசையும் எலெக்ட்ரான்கள் எளிதில் உட்கொள்ளவும் செய்யும். ஒளிவிலகல் எண்ணை உயர்த்தும் எவரும் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதே டைட்டானியம்தான் ஒளியிழையின் முதல் வெற்றிக்கும் காரணம். 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வகத்திலிருந்து சார்லஸ் காவோவும் ஹாக்கமும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குள் கண்ணாடி இழை செய்ய முடிந்தால் அதில் செய்தி அனுப்பலாம் என்றார்கள். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் போன பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும் என்று பொருள். அன்றிருந்த இழைகளில் அந்த ஒரு பங்கு சுமார் 20 மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். 1970இல் கார்னிங்கில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் சிலிக்காவில் டைட்டானியத்தைக் கலந்து 17 டெசிபெல்லை எட்டினார்கள். ஆனால் அந்த இழையைப் பிறகு சூடாக்கிப் பதப்படுத்த வேண்டியிருந்தது, பதப்படுத்தினால் அது எளிதில் ஒடிந்தது. 1972இல் ஜெர்மேனியத்துக்கு மாறினார்கள், இழப்பு 4 டெசிபெல்லுக்கு இறங்கியது. 1979இல் ஜப்பானியர்கள் 0.2க்குக் கொண்டுவந்தார்கள். நூறு கிலோமீட்டருக்குப் பிறகும் அந்த நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சுகிறது.

இவ்வளவுக்கும் எத்தனை ஜெர்மேனியம் வேண்டும்? 125 மைக்ரான் தடிமனுள்ள இழையின் நடுவே சுமார் 9 மைக்ரான் அகல உள்ளகம். அதன் ஒளிவிலகல் எண் சுற்றியிருக்கும் உறையைவிட 0.005 அதிகமாக இருந்தால் போதும். சிலிக்காவுக்கும் ஜெர்மேனியக் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி 0.15. எளிய விகிதக் கணக்கில் நூறு மூலக்கூறுக்கு மூன்றுக்குச் சற்று மேல் ஜெர்மேனியம். அடர்த்தி 2.20இலிருந்து ஏறத்தாழ 2.25க்கு ஏறும், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைத்து 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த சுமார் 2,300 கிலோமீட்டர்க் கடலடிக் கம்பியிலும் ஒளியைக் கட்டிப்போட்டிருப்பது உள்ளகத்துக்கும் உறைக்கும் உள்ள இப்படிப்பட்ட சிறு வேறுபாடுதான்.

ஆனால் அடர்த்தியை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. இழையில் அது வேறொரு கதவு வழியாக உள்ளே வருகிறது. உருகிய கண்ணாடியில் அணுக்கள் ஓயாமல் அசைவதால் ஓரிடத்தில் அடர்த்தி சற்றுக் கூடும், அடுத்த இடத்தில் குறையும். குளிரும்போது அந்த ஏற்ற இறக்கம் அப்படியே உறைந்துவிடும். ஒவ்வொரு சிறு மேடும் பள்ளமும் ஒளியைச் சிதறடிக்கும். ஜெர்மேனியத்தைக் கலந்தால், அது எங்கும் சீராகப் பரவாது என்பதால் சிதறல் இன்னும் கூடும். இன்று இழையில் மிஞ்சியிருக்கும் இழப்பில் பெரும்பங்கு இந்தச் சிதறல்தான். இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார்கள். உள்ளகத்தை உயர்த்துவதை விட்டுவிட்டு உறையைத் தாழ்த்துவது. உள்ளகம் வெறும் சிலிக்கா, உறையில் ஃபுளோரின். ஒளி பெரும்பாலும் கலப்பில்லாத கண்ணாடியிலேயே ஓடும். 1986இல் சுமிட்டோமோ நிறுவனம் 0.154 டெசிபெல்லை எட்டியது இந்த வழியில்தான். இழையை இன்னும் தெளிவாக்க அதன் நடுவிலிருந்து கலப்பையே நீக்கிவிட்டார்கள். கலப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

விகிதக் கணக்கு எப்போதும் கைகொடுக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். போரான் ஆக்சைடுக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சிலிக்காவினதை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அதைச் சிலிக்காவில் கலந்து விரைவாகக் குளிர்வித்தால் கிடைக்கும் கண்ணாடியின் எண் இரண்டையும்விடக் குறைந்துவிடுகிறது. அலுமினியம் தனியாகக் கலந்தால் எண்ணை உயர்த்தும், பாஸ்பரசும் தனியாக உயர்த்தும். இரண்டையும் சம அளவில் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று பிணைந்து புதிய அமைப்பாகி, எண்ணைச் சிலிக்காவைவிடக் கீழே இறக்குகின்றன. எதைக் கலந்தோம் என்பதோடு, உள்ளே போனது யாரோடு பிணைந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இழையைச் செய்து முடித்த பிறகும் எண் மாறலாம். 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில்லும் உடன் பணியாற்றியவர்களும் ஜெர்மேனியம் கலந்த இழைக்குள் வலிமையான லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். நேரம் ஆக ஆக ஒளி திரும்பி வரத் தொடங்கியது. ஒளியே இழைக்குள் ஒளிவிலகல் எண் வேறுபட்ட நிலையான வரிகளை எழுதிவிட்டிருந்தது. பின்னாளில் புறஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சியே இந்த வரிகளைச் செய்யும் முறை வந்தது. ஜெர்மேனியத்தைச் சுற்றியுள்ள குறைபாடுகளில் எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன, ஒளி பட்ட இடத்தில் கண்ணாடியும் சற்று இறுகி அடர்த்தி கூடுகிறது. நான் இதுவரை பிரித்துப் பிரித்துச் சொன்ன இரண்டு காரணங்களும் இங்கே ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன. மாற்றம் பெரும்பாலும் நான்காம் தசம இடத்தில்தான். பாலங்களின் உடம்பில் ஏற்படும் இழுவிசையை அளக்க அதுவே போதுமானதாக இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் கல்லூரிகளில் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணை நிறமாலைமானியால் அளக்கிறோம். அடர்த்தியை வேறொரு நாளில், வேறொரு பொருளில் அளக்கிறோம். இனி இரண்டையும் ஒரே முப்பட்டகத்தில் அளக்கச் சொல்லுங்கள். அதை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு, காற்றில் ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை எடை பார்த்தால் ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி கிடைத்துவிடும். ஒளிவிலகல் எண் 1.62 என்று வரும் ஃபிளின்ட் முப்பட்டகம் உங்களிடம் இருந்தால் அதைக் கட்டாயம் எடை போடுங்கள். அடர்த்தி 3.6ஐ ஒட்டி வந்தால் அதில் ஈயம் இருக்கிறது. 2.65ஐ ஒட்டி வந்தால் அது ஈயம் நீக்கிய புதிய கண்ணாடி.